கீச்சான் வந்துவிட்டது

காட்பாடி,
தை மாதம்

அன்பு நண்பா,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம்.

சரி, நீ முதலில் கேட்கப்போவது தெரியும். நம் கீச்சான் குருவி வந்துவிட்டதடா! கழிஞ்சூர் ஏரிக்கரையில் அதே வேலிகாத்தான் புதர், அதே காய்ந்த கிளை. புரட்டாசி கடைசியில் ஒருநாள் காலை, கரகரவென்று அந்தச் சத்தம் கேட்டதுமே சைக்கிளை நிறுத்திவிட்டேன். பழுப்புக் கீச்சான். கண்ணை மறைத்து ஓடும் கறுப்புப் பட்டை, வளைந்த அலகு, மேலும் கீழும் ஆடும் வால். ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, காலால் கிளையோடு அழுத்தி, சிறகைப் பிய்த்துப் போட்டுவிட்டு நிதானமாகத் தின்றது. பத்தடி தூரத்தில் நான் நின்றதை அது பொருட்படுத்தவே இல்லை.

போன வருஷம் வந்த அதே பறவைதானா என்று பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். காலில் அடையாள வளையம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வளையம் போட்டுப் பார்த்தவர்கள், கீச்சான்கள் குளிர்காலத்துக்குப் பழைய இடத்தையே தேடி வருவதுண்டு என்கிறார்கள். சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இத்தனை நாட்டைத் தாண்டி, நம் ஏரிக்கரையின் ஒரு புதருக்கு! எனக்கு அதே பறவை என்றுதான் படுகிறது.

பொங்கல் விடுமுறையில் காவேரிப்பாக்கம் போனேன். 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு நானும் எண்ணி அனுப்புகிறேன் அல்லவா, அதற்காக. ஏரி ததும்பி நின்றது. நடுத்தண்ணீரில் ஊசிவால் வாத்துகள், தள்ளி நீலச்சிறகி வாத்துக் கூட்டம் ஒன்று. நீலச்சிறகி ஆணுக்கு அந்த வெள்ளைப் புருவம் இன்னும் முழுசாக வரவில்லை. மாசியில்தான் பளிச்சென்று தெரியும். உள்ளான்கள் மட்டும் குறைவு. அவற்றுக்குச் சேறு வேண்டும், கால் ஊன்றி அலகைக் குத்த வேண்டும். தண்ணீர் வடிந்து கரையோரம் சகதி தெரிந்தால் அவை தானாக வரும். அதனால் ஏரி நிறைந்ததில் எனக்குக் கவலை இல்லை.

கவலை வேறு. கீச்சான் உட்காரும் புதருக்கு இந்தப் பக்கம் கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். போன மாதம் நாலு லோடு. கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. வேலிகாத்தான் வெறும் களைதான், வெட்டினால் நல்லது என்று நானே பேசியவன். இப்போது அந்த ஒரு புதரை மட்டும் விட்டுவிடச் சொல்லிப் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

அப்புறம், சூறைக்குருவிகள் இந்த வருஷம் நிறைய. சாயங்காலம் பாலாற்றுப் பாலத்துக்கு மேலே புகைபோலத் திரண்டு திரும்பின. பார்த்தபோது உன் ஞாபகம்தான்.

சித்திரை பிறந்தால் கீச்சான் கிளம்பிவிடும். அதற்குள் ஒரு சனி, ஞாயிறு பார்த்து வா. உன் பழைய பைனாகுலரை மறக்காதே. எந்த ரயில் என்று மட்டும் சொல், காட்பாடி ஸ்டேஷனில் வண்டியோடு நிற்கிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்