டொக்காட்டாவுக்குக் கால்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் கிறிஸ்தவக் கோயில்களில் கீபோர்ட் வாசிக்கும் இளம் பிள்ளைகளிடம், ஒருநாள் சனத்துக்கு முன்னால் நேரடியாக வாசிக்க ஆசைப்படும் ஓர்கன் இசை எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும். ஒன்று ஜேர்மன் இசையமைப்பாளர் பாக்கின் டி மைனர் டொக்காட்டாவும் (விரல் வேகத்தைக் காட்டும் இசை) ஃபியூக்கும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பது). மற்றது பிரெஞ்சு இசையமைப்பாளர் விடோரின் ஐந்தாம் ஓர்கன் சிம்பொனியின் கடைசிப் பகுதி, 1879இல் எழுதப்பட்ட எஃப் மேஜர் டொக்காட்டா. கலியாணப் பூசை முடிந்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெளியே வரும்போது இவற்றில் ஒன்று தொடங்குகிறது. அரை நிமிடம் போகிறது. பிறகு யாரோ ஸ்டைல் பட்டனை அமுக்க, ட்ரம் சேர்ந்து, அது வேறு எதுவோ ஆகிவிடுகிறது. பிள்ளைகளில் பிழை இல்லை. வாத்தியத்தில் ஒரு பாகமே இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

கைக்குத் தேவையானது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண கீபோர்ட்டின் 61 கட்டைகள், சி முதல் சி வரை ஐந்து ஸ்தாயி, பெரிய குழாய் ஓர்கன் பலவற்றின் கைப்பலகைக்கும் அதே அளவுதான். குறைவது காலுக்குரிய பெடல் பலகை. 30 அல்லது 32 கட்டைகள் கொண்ட அது, கைகளில் எழுதியதை இரட்டிப்பதற்காக வைத்ததல்ல. தனிக் குரல் அது.

பாக்கின் டொக்காட்டாவை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இரண்டு கைகளும் ஒரே சுரங்களை ஒரு ஸ்தாயி இடைவெளியில் வாசிக்கின்றன. அதனால்தான் கேட்டுப் பழகிய எவரும் அதை வாசித்துவிடுகிறார். அடுத்து பெடலில் டி நிற்க, அதன் மேல் சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளட் என்று ஒவ்வொன்றாக ஏறி ஒரு கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) கட்டப்படுகிறது. இதுவரைக்கும் கீபோர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றைப் போட்டு, இடது கையில் 16 அடி (எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்) பேஸ் சத்தம் வைத்துச் சமாளிக்கலாம். ஃபியூக்கில் சமாளிக்க முடியாது. அங்கே இரு கைகளுக்கும் போதுமான வேலை இருக்கும்போதே பெடல் உள்ளே வரும். (பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. யோகான்னஸ் ரிங்க் எழுதிவைத்த பிரதிதான் மிகப் பழையது. இது பாக்கினுடையதுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாசிப்பவருக்கு அதனால் நட்டமில்லை.)

விடோரின் டொக்காட்டா இன்னும் கண்டிப்பானது. முதல் எட்டு பார்களில் (தாள அளவுகளில்) கைகள் மட்டும்: வலது கையில் ஓயாத வேகச் சுரங்கள், இடது கையில் வெட்டி வெட்டி விழும் கோர்ட்டுகள். ஒன்பதாவது பாரில் பெடல் நீண்ட சுரங்களோடு நுழைகிறது. இடது கையைக் கீழே இறக்கி அதை வாசித்தால் கோர்ட்டுகள் போய்விடும். கோர்ட்டுகள் போனால் ஓட்டமே போய்விடும். இரண்டு கைகளால் இதற்கு வழியே கிடையாது.

வேகத்திலும் பிழை நடக்கிறது. விடோர் முதலில் நிமிடத்துக்கு 118 தட்டு என்று குறித்ததைப் பின்னர் 100 ஆகக் குறைத்தார். 1932இல், தன் 88ஆவது வயதில், பாரிஸ் சென் சுல்பீஸ் ஆலயத்தில் அவரே வாசித்த ஒலிப்பதிவு இன்றைய வாசிப்புகளோடு பார்க்கும்போது மிக நிதானமானது. அந்த ஆலயத்தில் சத்தம் எழுந்து சில செக்கன்கள் நின்றுதான் அடங்கும். நம் கோயில்கள் பெரும்பாலும் தகரக் கூரை அல்லது ஓட்டுக் கூரை, இரு பக்கமும் கதவு திறந்தபடி. சத்தம் நிற்பதில்லை. அங்கே 120இல் ஓட்டினால் தையல் மெஷின்தான் கேட்கும். 96க்கும் 100க்கும் இடையில் வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் எழுதியிருப்பதைவிடச் சற்று நீட்டி, இரண்டு மூன்று செக்கன் ஹோல் ரிவேர்ப் (மண்டப எதிரொலி) சேர்த்தால் உருவம் தெரியும்.

இனி கீபோர்ட்டில் மாற்ற வேண்டியவை. டச் ரெஸ்பொன்ஸை நிறுத்த வேண்டும். ஓர்கனில் கட்டையை அழுத்தும் பலத்தால் சத்தம் கூடாது, குறையாது. சஸ்டெயின் பெடலைக் கழற்றிவிட வேண்டும். பியானோவில் அதை நம்பிப் பழகிய விரல்கள், ஒரு கட்டையை விடாமல் அடுத்ததைப் பிடிக்கும் வேலையைச் செய்யாது. சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாடகருக்காக இரண்டு இறக்கி வைத்தது அப்படியே கிடந்து, டி மைனர் டொக்காட்டா சி மைனரில் தொடங்குவது அடிக்கடி நடக்கிற காரியம். ஸ்டைலைப் பற்றி மேலே சொல்லியாயிற்று.

பெடல் கிடைக்கும்வரை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கைக்கு மட்டும் எழுதிய நல்ல இசை நிறைய உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஓர்கன்களில் பெரும்பாலும் பெடலே இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பார்வையற்ற ஜோன் ஸ்டான்லி எழுதிய முப்பது வொலன்டரிகள் (வழிபாட்டில் தனியே வாசிக்கும் ஓர்கன் துண்டுகள்) அப்படியே நம் கீபோர்ட்டில் அமரும். செசார் ஃப்ராங்க் 1890இல் இறப்பதற்குச் சற்று முன் ஆர்மோனியத்துக்கென்றே (காலால் காற்றூட்டும் ஐரோப்பிய வகை) 59 சிறு துண்டுகள் எழுதினார். காணிக்கை நேரத்துக்கும் நற்கருணைக்குப் பிறகான மௌனத்துக்கும் அளவு பார்த்து வெட்டியதுபோல இருக்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பொயெல்மன்னின் 'ஓர் மிஸ்தீக்' தொகுதிகளும் ஓர்கன் அல்லது ஆர்மோனியத்துக்காக எழுதப்பட்டவையே. இவர்கள் எல்லோரும் காலமாகி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, சுரத்தாள்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையத்தளத்தில் இலவசம். 20ஆம் நூற்றாண்டின் மெசியானும் டியுரூஃப்ளேயும் அப்படியல்ல. அவர்களின் இசைக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு.

பெடலை எதில் தொடங்குவது என்று கேட்டால், விடோரில் வேண்டாம் என்போம். பாக்கின் பெயரில் வழங்கும் எட்டுச் சிறு பிரெலூட், ஃபியூக்குகளில் (பாக் படைப்புப் பட்டியலில் எண் 553 முதல் 560 வரை) தொடங்கலாம். அவை பாக் எழுதியவையல்ல என்றே இன்று பலரும் கருதுகிறார்கள், ஆனால் கால் பழக அவற்றைப்போல் வேறில்லை. அடுத்து பொயெல்மன்னின் பல பகுதிகள் கொண்ட 'கோதிக் சூட்', 1895. அதன் மூன்றாம் பகுதி தேவ அன்னைக்கான மன்றாட்டு, ஏ ஃபிளட் மேஜரில், மெதுவானது, பெடலில் நீண்ட சுரங்கள். மடு மாதாவின் ஆடி 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி 15ஆம் திகதித் திருவிழாவுக்கும் இதைவிடப் பொருத்தமான ஓர்கன் இசை எங்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஆசைப்படும் உரத்த டொக்காட்டாவும் அதே சூட்டில் அடுத்த பகுதியாக இருக்கிறது, விடோருடையதைவிட எளிது.

பழகும் ஒழுங்கு முக்கியம். முதலில் கால் மட்டும். பிறகு இடது கையும் காலும். இதுதான் மிகக் கடினமான இடம். கோர்ட் வாசித்துப் பழகிய இடது கை எப்போதும் பேஸ் சுரத்தையே தேடும், காலோடு சேர்ந்து இழுபடும். இதைத் தாண்டிய பிறகுதான் வலது கை சேரலாம். அரை வேகத்தில் பிழையில்லாமல் போகாதவரை தாளம் தட்டும் மெட்ரோனோமைத் தொடக் கூடாது.

இப்போது வாத்தியம். புதிதாக ஒரு விலை கூடிய, தானாகத் தாளம் சேர்க்கும் அரேஞ்சர் கீபோர்ட் வாங்க எண்ணும் பங்குச் சபைகள், அந்தப் பணத்தில் இதைச் செய்யலாம். ஏற்கெனவே உள்ள கீபோர்ட்டுகள் இரண்டு, ஒரு பெடல் பலகை, 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு லப்டொப், ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட், கிராண்ட் ஓர்க் (GrandOrgue) என்ற இலவச மென்பொருள். உண்மையான குழாய் ஓர்கன்களில் குழாய் குழாயாகப் பதிவுசெய்த சத்தங்களை அது வாசிக்கும். மிடியில் (கட்டை அழுத்துவதைக் கணினிக்குச் சொல்லும் முறை) மேல் கீபோர்ட் சனல் 1, கீழ் கீபோர்ட் 2, பெடல் 3. கீபோர்ட்டுகளில் லோக்கல் கன்ட்ரோலை நிறுத்தாவிட்டால் அவற்றின் சொந்தச் சத்தமும் சேர்ந்து வரும். ஏஎஸ்ஐஓ ட்ரைவரில் (சத்தத்தை விரைவாக அனுப்பும் மென்பொருள்) பஃபரை, அதாவது ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளை, 256க்கு வைத்தால், செக்கனுக்கு 48,000 மாதிரி வேகத்தில் தாமதம் சுமார் ஐந்து மில்லி செக்கன்தான். 1024இல் அது 21 ஆகி, விரலுக்குப் பின்னால் சத்தம் இழுபடத் தொடங்கும். ஆலய எதிரொலியோடு பதிவுசெய்த சத்தத்தைத் தேர்ந்தால் மிக்சரில் எக்கோ போடவே கூடாது, எல்லாம் குழம்பும்.

பெடல் பலகையை உள்ளூர்த் தச்சரே செய்யலாம். வெள்ளைக் கட்டைகளின் நடுவுக்கு நடு இரண்டரை அங்குலம். 30 கட்டைக்கு 18 வெள்ளை, 12 கறுப்பு. நன்றாகக் காய்ந்த தேக்கு வேண்டும். ஈரமரம் மாரியில் வளைந்து பக்கத்துக் கட்டையோடு உரசும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்தமும், காந்தம் நெருங்கினால் இணையும் ஒரு ரீட் சுவிட்சும். சுவிட்சுகளை நான்குக்கு எட்டு என்று வலையாக இணைத்து மிதித்த கட்டையை லப்டொப்புக்குச் சொல்லும் ஒரு சிறிய ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகைக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு 1என்4148 டயோட் கட்டாயம். அதைத் தவிர்த்தால் மூன்று கட்டைகளை மிதிக்கும்போது மிதிக்காத நான்காவதும் ஒலிக்கும். பிளாஸ்டிக் கதிரை இதற்குச் சரிவராது. கால் இரு பக்கமும் வழுக்கிப் போக, பெடலிலிருந்து 20, 21 அங்குல உயரத்தில் நான்கு அடி நீள வாங்கு வேண்டும். செருப்பை வெளியே கழற்றி வைக்கும் நம் வழக்கத்தில் வெறுங்காலால் வாசிக்கலாம், ஆனால் குதிக்கால் நோகும், வியர்த்தால் ஒட்டும். மெல்லிய தோல் அடி வைத்த ஒரு சோடிச் சப்பாத்தைப் பெடலுக்கென்றே உள்ளே வைத்திருப்பது நல்லது.

ஸ்பீக்கரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 16 அடிப் பெடலின் அடிச் சி, 32.7 ஹேர்ட்ஸ். வழமையான 12 அங்குலப் பெட்டி 50க்குக் கீழே மெலிந்துவிடும். அதாவது மிதிப்பது கேட்காது, அதன் மேல் சாயல்தான் கேட்கும். 18 அங்குல சப்வூஃபர் ஒன்றைச் சுவர் மூலையில் வைத்தால் குறை பெருமளவு தீரும். வாசிப்பவருக்கு அருகிலும் ஒரு சிறிய ஸ்பீக்கர் தேவை. 20 மீற்றர் தள்ளி நிற்கும் பெட்டியிலிருந்து சத்தம் வந்துசேர ஏறக்குறைய 58 மில்லி செக்கன் ஆகும். அதைக் கேட்டு வாசிப்பவர் கட்டாயம் பின்தங்குவார். ஜெனரேற்றரில் ஓடும்போது இரைச்சல் வந்தால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவும். அநேகமாக அதுதான் காரணம். சுரத்தாளை மட்டையில் ஒட்டுங்கள். மின்விசிறி ஒரு பக்கத்தைத் தூக்கினால் டொக்காட்டா அங்கேயே முடிந்தது.

எப்போது வாசிப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் குழாய் ஓர்கனுக்குத் தனி மதிப்புக் கொடுத்தது உண்மை. ஆனாலும் கத்தோலிக்கத் திருப்பலியில், தவக்காலத்தில் ஓர்கனும் மற்ற வாத்தியங்களும் பாட்டுக்குத் துணையாக மட்டுமே. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. டொக்காட்டாவுக்கு உரிய இடம் பூசை முடிந்து வெளியேறும் நேரம்.

வன்னி இரண்டு மறைமாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. ஆகவே வவுனியாவில் ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று என இப்படியான இரண்டு வாத்தியங்களை வைத்து, கத்தோலிக்க, மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகள் எல்லோரும் வார நாட்களில் வந்து பழக நேரம் ஒதுக்குமாறு பங்குத்தந்தையரையும் போதகர்களையும் கேட்டுக்கொள்கிறோம். அறைக்குப் பூட்டும் தூசுத் துணியும் போதும், குளிரூட்டி தேவையில்லை. பெடல் மரத்தை இப்போதே வாங்கி நிழலில் அடுக்கிவைத்தால் அடுத்த மாரிக்கு முன் அறுக்கலாம்.

இவ்வண்ணம்,
வன்னி ஆலயப் பாடகர் குழுக்களின் கீபோர்ட் வாசிப்போர் சிலர்,
கிளிநொச்சி.