மரபுரிமைக் காட்சிக்கூடத் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய அங்கத்தவர்களே,

கூரை ஓடு மாற்றம், மின்னிணைப்பு, மலசலகூடம், சக்கர நாற்காலிச் சரிவுப் பாதை ஆகியவை மதிப்பீட்டுக்குள் முடிந்தன. கேள்விகளில் பெரும்பாலானவை சுவர்ப் பூச்சைப் பற்றியே வருவதால் அதையே விரிவாகச் சொல்கிறோம்.

“சீமெந்து பூசியிருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்குமே” என்கிறார்கள். முன்பு பூசிய சீமெந்துதான் நோயே. அது பழைய பவளக்கல் சுவர். உள்ளே ஈரமும் உப்பும் இருக்கின்றன. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட வைக்கும்.

சுட்டுச் சுண்ணாம்பாக்கப் பவளக்கல் அகழச் சட்டம் இடந்தராது. ஆகவே மாத்தளைப் பக்கத்து டொலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணக்கல்) சுண்ணாம்பை வாங்கி நீற்றி ஊறவைத்தோம். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. ஆற்று மணல்தான், அதையும் நல்ல தண்ணீரில் அலசி. கடல் மணல் கலந்தால் உப்பை நாமே உள்ளே வைத்ததாகும். ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது; முதற்படை இறுகியபின்தான் அடுத்தது. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் பூச்சு சடுதியாகக் காய்ந்து மயிரிழையாய் வெடிக்கும் என்பதால் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு நனைத்தோம்.

ஒப்பந்தக்காரர் பழைய சீமெந்தைக் கொத்தும் கூலி தன் விலையில் இல்லை என்றார். விலைப்பத்திரத்தில் ‘சுவரைச் சுத்தம் செய்தல்’ என்றிருந்தது. அதற்குள் கொத்துதலும் அடங்கும் என்பது எங்கள் வாதம். இடையில் வேலையை விட்டுப் போனார். செய்த வேலையை அளந்து பணம் கொடுத்து, வேறு மேசன்மாரை வைத்தோம். பூச்சுச் செலவு மதிப்பீட்டின் இருமடங்கை நெருங்கியது. மலிவாக முடித்திருந்தால் இரண்டு மாரி தாண்டியதும் இதே கூட்டத்தில் எங்களையே கேட்டிருப்பீர்கள்.

காட்சிக்கு வைத்திருக்கும் இரும்பு நங்கூரத்துக்கு ஏன் பெயின்ற் அடிக்கவில்லை? உள்ளே உப்பிருக்க மேலே அடித்த பெயின்ற் துருவை மூடி வளர்க்கும். உப்புக் கழியக் கோஸ்டிக் சோடாத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு, உலர்த்தி, மெழுகு பூசியிருக்கிறோம். கரைவலைக் கயிறும் அப்படித்தான்: நன்னீரில் அலசி உப்பைப் போக்காவிட்டால் மாரியில் கசிந்து ஊறும்.

கோட்டை வாசலில் இரட்டைக் கயல் (மீன்) சின்னத்தோடு நிற்கும் கல்வெட்டுக்குச் சீமெந்தில் நகல் வார்க்கக் கேட்டவர்களுக்கு: மூலக்கல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, இங்கே நிழற்படம் போதும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த செய்தி அந்த நிழற்படத்தின் அடியில் எழுதப்பட்டுள்ளது.

கொடையாளர் (அடைப்புக்குறிக்குள் அவர்கள் தந்தவை): திருக்கடலூர்க் கடற்றொழிலாளர் (கட்டுமரம்), நிலாவெளி, சாம்பல்தீவு அன்பர்கள் (வலை, மிதவை), மூதூர், கிண்ணியாக் குடும்பங்கள் (பன்பாய், கடகம், திருகை), உவர்மலை, பாலையூற்று இல்லங்கள் (உரல், நீத்துப்பெட்டி), புலம்பெயர் உறவுகள் (பணம்). பெயர்ப்பலகை அகரவரிசையில்தான், தொகை வரிசை கேட்டு இனிக் கடிதம் வேண்டாம். கணக்குப் புத்தகம் காரியாலய மேசையில் இருக்கிறது. பெயர் விடுபட்டோர் பற்றுச்சீட்டோடு வாருங்கள்.

— திருப்பணிக் குழு, திருகோணமலை