நாள் கணக்கை வைத்து ஒப்பிடாதே, செல்லின் முதிர்ச்சி நிலையை வைத்து ஒப்பிடு

காட்பாடி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். மீத்தைல் குறிகளைக் குறைக்கும் டெசிடபின் மருந்து போட்ட குடுவையில், கருவில் இருக்கும்போது ஹீமோகுளோபினில் சேரும் புரதமான காமா குளோபின் கூடியிருக்கிறது, சரி. ஆனால் மருந்து போட்டது, போடாதது என்ற இரண்டு குடுவையையும் வளர்ப்பின் 12ஆம் நாளில் வைத்து ஒப்பிட்டிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

சிடி34 செல் (இரத்தத் தாய்ச்செல்) சிவப்பணுவாகும் வழியில் காமா முதலில் எழும், பெரியவர்களுக்குரிய பீட்டா குளோபின் பிறகுதான் முந்தும். மருந்து செல்லின் முதிர்ச்சியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினாலே போதும், அதே 12ஆம் நாளில் இளம் செல்கள் அதிகம் இருக்கும், காமா விகிதம் தானாக உயர்ந்து தெரியும். டிஎன்ஏவில் ஒட்டி ஜீனை மூடிவைக்கும் மீத்தைல் குறிகள் குறைந்ததாகக் காட்டியிருக்கிறாயே, அதிலும் இதே சிக்கல். சிவப்பணு முதிரும்போது டிஎன்ஏ முழுவதிலும் மீத்தைல் குறி மருந்தில்லாமலேயே குறைகிறது. ஆகவே நீ பார்த்த குறைவில் எவ்வளவு மருந்தினால், எவ்வளவு செல்லின் முதிர்ச்சியினால் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு ஒரே வழி செல்களை முதிர்ச்சி நிலைவாரியாகப் பிரித்தெடுப்பதுதான். சிவப்பணு வரிசைக்கு அடையாளமான கிளைக்கோஃபோரின்-ஏ புரதம் உள்ள செல்களை முதலில் தேர்ந்துகொள். அவற்றின் மேற்பரப்பில் ஆல்ஃபா4 இன்டெக்ரின், பேண்ட்-3 என்ற இரண்டு புரதங்களையும் பார். முதலாவது இறங்க இறங்க இரண்டாவது ஏறும், அதை வைத்து புரோஎரித்ரோபிளாஸ்ட் என்ற இளம் நிலையிலிருந்து, உட்கருவை இழக்கும் முன் வரும் ஆர்த்தோகுரோமாட்டிக் நிலை வரை பிரித்துவிடலாம். சிடி71 என்ற மேற்பரப்புக் குறி மட்டும் போதாது. பிரித்த ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் ஸ்லைடில் எடுத்து ஜீம்சா சாயம் போட்டுக் கண்ணால் பார்த்துவிடு. உட்கருவின் அளவும் சைட்டோபிளாசத்தின் நிறமும் பொய் சொல்லாது.

வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் வளர்ச்சிக் காரணிகள் முதல் 6 நாளும் எஸ்சிஎஃப் மி.லி.க்கு 10 நானோகிராம், ஐஎல்-3 1 நானோகிராம், ஈபிஓ 3 யூனிட் என்றே இருக்கட்டும். 7ஆம் நாள் ஐஎல்-3ஐ நிறுத்து. 11ஆம் நாளுக்குப் பிறகு எஸ்சிஎஃப்பையும் நிறுத்தி, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினை மி.லி.க்கு 200 மைக்ரோகிராமிலிருந்து 1 மில்லிகிராமுக்கு ஏற்று. எஸ்சிஎஃப்பை விட மனமில்லாமல் தொடர்ந்தால் செல் பெருகிக்கொண்டே போகும், முதிராது. எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே.

டெசிடபின் டிஎன்ஏவுக்குள் நுழைவது டிஎன்ஏ நகலெடுக்கும்போது மட்டும்தான். உள்ளே போனதும், மீத்தைல் குறி வைக்கும் டிஎன்எம்டி1 நொதியைப் பிடித்துவைத்துக் காலி செய்கிறது. எனவே செல் பிரிந்துகொண்டிருக்கும் 7ஆம் நாளை ஒட்டிப் போடு. பிரிவு நின்றுபோன ஆர்த்தோகுரோமாட்டிக் செல்லுக்குப் போட்டுப் பயனில்லை. தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, ஒரு முறைக்கு ஆகும் அளவாகப் பிரித்து மைனஸ் 80இல் வை. ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதே. முதலில் நானோமோலார் அளவுகளில் நான்கைந்து குடுவை வைத்து, உயிருள்ள செல்லை எண்ணிவிட்டு அளவை முடிவு செய்.

ஹெச்டிஏசி (டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குறியை நீக்கும் நொதி) தடுப்பானை இதோடு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். அந்த நொதிகளில் ஒன்றான ஹெச்டிஏசி2 இல்லாவிட்டால் குரோமட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த சுருள்) இறுகாது, உட்கருவை வெளியே தள்ளுவதும் நடக்காது. எது எதனால் என்று பிரிக்கவே முடியாமல் போய்விடும். பிசிஎல்11ஏ என்ற புரதம் காமா குளோபின் ஜீனின் முகப்பில் -115 இடத்தில் (ஜீன் படிக்கத் தொடங்கும் புள்ளிக்கு 115 எழுத்து முன்னால்) உட்கார்ந்து, நியூஆர்டி என்ற புரதக் கூட்டை அழைத்து அதை மூடுகிறது. அந்த இடத்தை மட்டும் நிலைவாரியாகப் பார்த்தாலே இந்த ஆண்டுக்குப் போதுமான வேலை. பீட்டா குளோபின் குறைவாக உள்ள பீட்டா தலசீமியா பிள்ளைகளுக்கு, துணையில்லாமல் மிஞ்சிநிற்கும் ஆல்ஃபா குளோபினோடு சேர காமாதான் துணை. அதனால்தான் இந்த எண்ணில் பிழை இருக்கக் கூடாது என்கிறேன்.

மே மாதம் வேலூர் பாகாயத்தில் உள்ள ஆய்வகத்தில் செல் வளர்க்க வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனி. கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 32, 33 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே 37இல் நிற்பது சிரமம். நம் ஊர் வெயிலில் ஏசி நின்றால் கேட்கவே வேண்டாம். திரையில் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்தட்டில் வை, ஏசிக்கும் ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா