கமான்சே வயலினோட காப்பி இல்லைங்க, ஒரு திருத்தம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல உலக இசைக்கருவிகள் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. அதுல ஈரான் நாட்டு வில் கருவியான கமான்சே படத்துக்கு கீழ "வயலினைப் பார்த்து ஈரானியர்கள் உருவாக்கிய கருவி"ன்னு ஒரே ஒரு வரி. கமான்சே படம் ஒரு தமிழ் பேப்பர்ல வந்ததே எனக்கு பெரிய சந்தோஷம்ங்க, ஆனா அந்த வரி தப்பு. விஷயம் அப்படியே தலைகீழ். கமான்சே வயலினுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, வயலின் ஈரானுக்குள்ள வந்தப்புறம் தான் அது கிட்டத்தட்ட காணாம போற நிலைமைக்கு போச்சு, அப்புறம் சில பேரோட பிடிவாதத்தால திரும்பி வந்துச்சு. இத ஒரு வரி திருத்தத்துல சொல்ல முடியாதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

வயலின் இன்னைக்கு நாம பாக்கற உருவத்துக்கு வந்தது 16ம் நூற்றாண்டுல, வடக்கு இத்தாலில. கமான்சே பத்தி அப்துல் காதிர் மராகின்னு ஒரு பெரிய இசை அறிஞர் எழுதி வச்சிருக்கார், அவர் இறந்தது 1435ல. அதாவது வயலின் பொறக்கறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே பாரசீக அரசவைல அது வாசிப்புல இருந்த கருவி. இஸ்ஃபஹான் நகரத்துல 1669ல கட்டின ஹஷ்த் பெஹெஷ்த் மாளிகையச் சேர்ந்த ஒரு ஓவியத்துல ஒரு பொண்ணு உக்காந்து கமான்சே வாசிக்கறா. எனக்கு ரொம்ப பிடிச்ச படம் அது, ஏன்னா கை வச்சிருக்கற விதம், வில்ல புடிச்சிருக்கற விதம் எல்லாம் இன்னைக்கு டெஹ்ரான்ல ஒரு ஆர்ட்டிஸ்ட் புடிக்கற மாதிரியே தான் இருக்கு.

வாசிக்கற முறையே வேறங்க. நம்ம ஊர்ல வயலின்காரங்க சம்மணம் போட்டு உக்காந்து நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல சாய்ச்சு வச்சு வாசிப்பாங்க இல்லையா, கமான்சே நேரா நிக்கும். அடில ஒரு இரும்புக் கம்பி கூர்மையா நீட்டிட்டு இருக்கும், அத தொடை மேலயோ முட்டி மேலயோ ஊனிக்குவாங்க. அதுக்கு மேல பெரிய தேங்கா சைஸ்ல ஒரு மரக்குடம், மல்பெரி இல்லன்னா வால்நட் மரத்துல செஞ்சது, அதோட வாய்ல ஆட்டுக்குட்டித் தோலோ மீன் தோலோ இழுத்து ஒட்டியிருக்கும். தோல் மேல பாலம், அதுவும் கொஞ்சம் சாய்வா ஒரு ஓரமா. அதுக்கு மேல நீளமான கழுத்து, நாலு முறுக்காணி. வயலின்ல பலகை அதிரும், இங்க தோல் அதிருது, அதனால தான் அந்த சத்தத்துல ஒரு மூச்சு கலந்த மாதிரி கரகரப்பு இருக்கு, பாடறவங்க தொண்டைக்கு ரொம்ப பக்கத்துல வரும்.

இன்னொரு விஷயம் நான் வயலின் கத்துக்கிட்டவ அப்படிங்கறதால என்னால மறக்கவே முடியாதது. வயலின்ல ஒரு கம்பில இருந்து இன்னொரு கம்பிக்கு போகணும்னா வில்லோட கோணத்த மாத்துவோம். கமான்சேல வில்லு கிட்டத்தட்ட ஒரே தளத்துல தான் போகும், கருவியத்தான் இடது கையால அந்த கூர்முனை மேல சுத்தி கம்பிய வில்லுக்கு கொண்டு வர்றாங்க. அப்புறம் வில்லுல இருக்கற குதிரை முடி தளர்வா தொங்கும், வலது கை விரல முடிக்கும் குச்சிக்கும் நடுவுல விட்டு அழுத்தி வாசிக்கும்போதே இறுக்கம் ஏத்தி இறக்கறாங்க. வயலின் வில்லுல ஸ்க்ரூ திருகி டைட் பண்ணி வச்சிட்டா அப்புறம் அதுபாட்டுக்கு இருக்கும், இங்க ஒவ்வொரு சுரத்துக்கும் எவ்ளோ இறுக்கம்னு விரல் முடிவு பண்ணுது. வயலின பாத்து செஞ்ச கருவின்னா இதெல்லாம் இருக்குமா சொல்லுங்க.

வயலின்கிட்ட இருந்து கமான்சே வாங்கிக்கிட்டது ஒண்ணு இருக்கு, அத மறைக்க வேண்டாம். முன்னாடி அதுக்கு மூணே கம்பி, பட்டு நூல்ல. 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல வயலின் செல்வாக்குல நாலாவது கம்பி சேந்துச்சு, இப்ப எல்லாம் உலோகக் கம்பி. ஒருவேளை இத எங்கயோ படிச்சுட்டு தான் அந்த கேப்ஷன எழுதினவங்க கருவியே வயலின்ல இருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுக்கிட்டாங்களோ என்னவோ.

இப்ப வயலின் வந்த கதை. 19ம் நூற்றாண்டுல ஈரான் மன்னர் நாசிருதீன் ஷா காலத்துல ஐரோப்பாவோட தொடர்பு அதிகமாச்சு, 1868ல லெமேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ராணுவ பேண்ட் கத்துக்குடுக்க டெஹ்ரான் வந்தார், அந்த காலத்துல மேற்கத்திய கருவிகள் எல்லாம் ஒண்ணொண்ணா உள்ள வந்துச்சு. பியானோவுக்கு பாரசீக இசை சரியா பொருந்தல, ஏன்னா அவங்க இசைல நம்ம சுரஸ்தானங்களுக்கு நடுவுல விழற சுரங்கள் இருக்கு. ஆனா வயலின்ல வீணைல இருக்கற மாதிரி மெட்டுக்கட்டைகள் கிடையாது, விரல எங்க வேணா வைக்கலாம். அதனால கமான்சே வாசிச்சவங்களே வயலினுக்கு ஈஸியா மாறிட்டாங்க. ஹுசைன் கான் இஸ்மாயில்சாதேன்னு ஒரு கமான்சே ஆசிரியர், அவர்கிட்ட படிச்சவங்கள்ல பல பேர் பின்னாடி வயலின்ல தான் பேர் வாங்கினாங்க, அபுல்ஹசன் சபா (1902–1957) உட்பட. சபா சாதாரண ஆள் இல்ல, பாரசீக இசைய வயலின்ல எப்படி வாசிக்கணும்னு பாடப் புஸ்தகமே போட்டவர். 1940ல டெஹ்ரான் ரேடியோ ஆரம்பிச்சப்புறம் ஆர்க்கெஸ்ட்ரா பூரா வயலின் தான். நகரத்துல கமான்சே பழைய காலத்து சாமான் ஆயிடுச்சு.

இத படிக்கும்போது நம்ம ஊர் நினைவு வராம இருக்காது. இங்கயும் கிட்டத்தட்ட அதே நூற்றாண்டு தான், முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னைல வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார், தஞ்சை நால்வர்ல வடிவேலு அத வாசிச்சு சுவாதித் திருநாள் மகாராஜாகிட்ட 1834ல தந்தத்துல செஞ்ச வயலின் பரிசு வாங்கினார், இன்னைக்கு வயலின் இல்லாத கச்சேரிய நெனச்சுக்கூட பாக்க முடியாது. நாம அத முழுசா நம்மளதா ஆக்கிக்கிட்டோம், அதுல எனக்கு பெருமை தான். ஈரான்லயும் அருமையான வயலின் வித்வான்கள் வந்தாங்க, அவங்கள குறை சொல்ல நான் வரல. ஆனா அங்க அந்த இடத்துல ஏற்கனவே ஒரு வில் கருவி உக்காந்திருந்துச்சு, அத எழுப்பி விட்டுட்டு தான் வயலின் உக்காந்துச்சு.

அது எப்படி பொழச்சுது? ரெண்டு காரணம்னு நான் நெனைக்கறேன். ஒண்ணு, டெஹ்ரான்ல ஃபேஷன் மாறினது மலைக்கும் கிராமத்துக்கும் தெரியாது. மேற்குல லோரிஸ்தான்ல பின்பக்கம் தெறந்த குடத்தோட ஒரு வகை கமான்சே இருக்கு, கல்யாணத்துல ஆடறதுக்கும் அது தான், சாவு வீட்டுல அழறதுக்கும் அது தான். வடகிழக்குல துர்க்மென் மக்கள்கிட்ட அதோட சொந்தக்கார கருவி ஒண்ணு கிஜாக்ங்கற பேர்ல, தூத்தார்ங்கற ரெண்டு கம்பி மீட்டு கருவி கூட சேந்து வாசிப்புல இருந்துச்சு. இவங்க யாரும் விட்டுடல.

ரெண்டாவது, அலி அஸ்கர் பஹாரி. 1905ல பொறந்து 1995 வரைக்கும் இருந்தார். எல்லாரும் வயலின் பக்கம் போன காலத்துல இவர் கமான்சேவ கையில எடுத்துட்டு நின்னார். 1968ல தாரியூஷ் சஃப்வத் டெஹ்ரான்ல ஈரானிய இசைய பாதுகாக்கறதுக்குன்னு ஒரு மையம் ஆரம்பிச்சார், அங்க பஹாரி இளம் பசங்களுக்கு சொல்லிக்குடுத்தார். அவரோட ரெக்கார்டிங் கேட்டுப் பாருங்க, வேகம் இல்ல, வித்தை காட்டல, ஒரு சுரத்துல நின்னு அத மெதுவா திறந்து காட்டுவார். அவர் அன்னைக்கு விட்டிருந்தா அரசவைல இருந்து வந்த அந்த வாசிப்பு முறைல பெரும்பகுதி போயிருக்கும்னு நான் உறுதியா நம்பறேன்.

அடுத்த தலைமுறைல உலகத்துக்கே தெரிஞ்ச பேர் கைஹான் கல்ஹோர், 1963ல டெஹ்ரான்ல ஒரு குர்து குடும்பத்துல பொறந்தவர். நம்ம வாசகர்களுக்கு இவர் ரொம்ப தூரத்து ஆள் இல்ல, ஏன்னா சித்தார் வாசிக்கற ஷுஜாத் ஹுசைன் கானோட சேந்து 1990கள்ல 'கஸல்'னு ஒரு குழு ஆரம்பிச்சவர், கூட தபலாவும் உண்டு. செல்லோ மேதை யோ-யோ மா நடத்தின சில்க் ரோட் இசைக்குழுவுலயும் இருந்தார். 1988ல ஈராக்ல விஷவாயுவால கொல்லப்பட்ட ஹலப்ஜா ஊர் குர்து மக்களுக்காக இவர் செஞ்ச ஒரு நீளமான படைப்ப கேட்டீங்கன்னா, கமான்சேக்குன்னு ஏன் தனியா ஒரு எடம் வேணும்னு நான் விளக்கவே தேவையில்ல.

ஒண்ணு சொல்லியே ஆகணும். 2003 டிசம்பர் 26ம் தேதி ஈரான்ல பாம்ங்கற ஊர்ல பூகம்பம் வந்து 26,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க, மண்ணால கட்டின அந்த பழைய கோட்டை இடிஞ்சு விழுந்துச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே டிசம்பர் 26 நமக்கு என்ன நாள்னு நான் சொல்ல வேண்டாம். பூகம்பத்துக்கு கொஞ்ச நாள்லயே டெஹ்ரான்ல பாடகர் ஷஜாரியன், அவர் மகன் ஹுமாயூன், தார்ங்கற மீட்டு கருவி வாசிக்கற ஹுசைன் அலிசாதே, கல்ஹோர் நாலு பேரும் சேந்து பாம் மக்களுக்காக கச்சேரி பண்ணாங்க. வீடியோவா இருக்கு. ஷஜாரியன் தாளம் இல்லாம ஒரு வரி பாடுவார், கமான்சே அத அப்படியே வாங்கி திருப்பி சொல்லும், கொஞ்சம் தள்ளி வேற மாதிரி முடிக்கும். பாடகர் ஆலாபனை பண்ணும்போது நம்ம வயலின் பின்னாடியே வருமே, அதே வேலை தான். நாகப்பட்டினம் கடலூர் பக்கத்துல இருந்து யாராச்சும் அத பாத்தா மொழி தெரியலன்னு நெனைக்க மாட்டாங்க.

கர்நாடக இசை கேட்டுப் பழகினவங்களுக்கு உள்ள நுழையறது கஷ்டமே இல்லைங்க. அவங்க இசைல, நம்ம ராகம் மாதிரி, ஏழு பெரிய தஸ்த்காக்கள் இருக்கு, அதுல மாஹூர் நம்ம சங்கராபரணத்துக்கு ரொம்ப கிட்ட. இன்னொரு தஸ்த்காவான சஹார்காவ எடுத்துக்கிட்டா மாயாமாளவகௌளை மாதிரி ஆரம்பிக்கும், ஆனா ரிஷபமும் தைவதமும் நம்ம இடத்த விட கொஞ்சம் மேல ஏறி நிக்கும், முதல்ல சுருதி சேரலயோன்னு காதுக்கு தோணும், கொஞ்ச நேரத்துல அந்த எடம் தான் சரின்னு மனசு ஒத்துக்கும். கமான்சேல அந்த சுரங்கள கேக்கறப்ப தான் அதோட முழு ருசி தெரியுது, ஏன்னா விரல் சுரத்துக்கு வழுக்கிட்டு வந்து சேரும்.

இன்னும் ஒரு திருத்தம். அது ஈரானுக்கு மட்டும் சொந்தம்ங்கற மாதிரி போட்டிருந்தீங்க. 2017ல யுனெஸ்கோ கமான்சே செய்யற கலையையும் வாசிக்கற கலையையும் மனிதகுலத்தோட பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்ப ஈரானும் அஜர்பைஜானும் ஒண்ணா தான் விண்ணப்பிச்சாங்க. அஜர்பைஜான்ல முகாம்ங்கற அவங்க பாரம்பரியப் பாட்டுக்கு தாரும் கமான்சேவும் தான் துணை, அவங்க ஒரு மனாத் நோட்டுலயே கமான்சே படம் இருக்கு, ஹாபில் அலியேவ்னு (1927–2015) அங்க ஒரு மாமேதை இருந்தார். ஆர்மீனியாக்காரங்களுக்கு 18ம் நூற்றாண்டு கவிஞர் சயாத் நோவா கமான்சேவ புகழ்ந்து பாடின பாட்டு உயிர். நம்ம நாட்டுலயும் ராஜஸ்தான் ஜெய்சல்மேர் பக்கம் மாங்கணியார் மக்கள் வாசிக்கற கமாய்ச்சா இதோட உறவு தான், மாமரத்துல குடஞ்சு ஆட்டுத்தோல் போட்டது, அத வாசிச்ச சாகர் கானுக்கு 2012ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

ஈரான்னு சொன்னா நம்ம பேப்பர்கள்ல எண்ணெய் விலை, அணு ஒப்பந்தம், சண்டை இது தான் வருது. அந்த நாட்டு டிவிலயே 1979 புரட்சிக்கு அப்புறம் வாத்தியத்த கேமரால காட்டறதில்ல, சத்தம் மட்டும் வரும், படத்துல பூவோ மலையோ ஓடும். கச்சேரில பொண்ணுங்க ஆம்பளைங்க முன்னாடி தனியா பாட முடியாது. இவ்ளோத்துக்கு நடுவுலயும் அங்க சின்னப் பசங்க, பொண்ணுங்க கமான்சே கத்துக்கிட்டு தான் இருக்காங்க. அப்படிப்பட்ட கருவிய நாம தப்பா அறிமுகம் பண்ணக்கூடாதுன்னு தான் எனக்கு இவ்ளோ ஆதங்கம்.

அதனால ரெண்டு விஷயம் கேக்கறேன். வர்ற ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, அந்த கேப்ஷனுக்கு திருத்தம் போடுங்க. உள்ள எங்கயோ மூலைல வேண்டாம், ஸ்கூல் பசங்க அந்தப் பக்கத்த வெட்டி நோட்டுல ஒட்டுவாங்க. ரெண்டாவது, முடிஞ்சா நம்ம வயலின் வித்வான் ஒருத்தர உக்கார வச்சு பஹாரி ரெக்கார்டிங்கும் கல்ஹோர் ரெக்கார்டிங்கும் கேக்க வச்சு, அவங்களுக்கு என்ன தோணுதுன்னு ஒரு பேட்டி எடுத்து போடுங்க. அரைப்பக்கம் குடுத்தா போதும்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் படிக்கற ஒரு வாசகி,
திருச்சி.