ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனை எடுக்காதவர்களுக்குக் கடிதம்தான் வழி. கோபத்தில் எழுதவில்லை. உனக்கு வேலை இருக்கும், தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். சின்ன மாமாவுக்குக் கண்ணில் புரை. வியாழக்கிழமை ஹெல்சின்கிக்கு டாக்டரைப் பார்க்க வருகிறார். உருளைக்கிழங்கு இந்த வருஷம் சிறுத்துவிட்டது. அங்கே ஹீட்டர் போட ஆரம்பித்திருப்பார்கள். தாத்தாவின் தந்தி வாத்தியம், அந்தக் கான்டெலேயை ஹீட்டர் இருக்கிற சுவரில் மாட்டாதே. குளிர்காலத்தில் அறைக் காற்று வறண்டால் மரம் வெடித்துவிடும். கடையில் வாங்கினதென்றால் பலகையை மாற்றிக்கொள்ளலாம். தாத்தா ஒரே கட்டையைக் குடைந்து செய்தது அது. ஜன்னல் ஓரமும் வேண்டாம், அங்கே குளிர் தாக்கும்.

வசந்தத்தில் நீ வாசித்ததை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாதிரியாரின் மனைவி என்னை நிறுத்தி வைத்துச் சொன்னாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது, ஆனாலும் சொன்னாள். நீ வாசித்த, கான்டெலேக் கிழவர் தெப்பனா யானிஸின் மெட்டு எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. 1916, 17-இல் மெட்டுகளைச் சேகரித்த வைசானென், ஒலியைப் பதிகிற மெழுகு உருளைகளைச் சுமந்துகொண்டு கரேலியாவில் நம் ஊர் சுயிஸ்தமோ பக்கம் போகாமல் இருந்திருந்தால் அது அந்தக் கிழவரோடேயே போயிருக்கும். 1928-இல் அதையெல்லாம் ஸ்வரம் எழுதிப் புத்தகமாகப் போட்டார். அப்புறம் போரில் ஊரே ரஷ்யாவிடம் போனது. புத்தகம் ஹெல்சின்கியில் பத்திரமாக இருந்தது.

நீ முதல் வருஷம் படிக்கும்போது அதைக் கற்றுக்கொண்டு வந்து முதியோர் இல்லத்தில் பாட்டிக்கு வாசித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றாள். முடிந்துவிட்டது பாட்டி என்றாய். "அதற்கு ஏது முடிவு?" என்று கேட்டாள். உனக்கு அன்று முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் சொன்னது சரிதான். எங்கள் ஆட்கள் சபைக்கு வாசித்தவர்கள் இல்லை. பொழுது சாயும் நேரம் தனியாக உட்கார்ந்து, அதே நாலைந்து ஸ்வரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி, தனக்குத்தானே வாசித்தவர்கள். உருளை தீர்ந்ததால் யானிஸின் மெட்டு அங்கே நின்றது, அவ்வளவுதான். அடுத்த தடவை நீ நிறுத்தவே இல்லை. செவிலி வந்து சாப்பாட்டு நேரம் என்று சொல்லவேண்டியிருந்தது. எனக்கு அன்று வந்த பெருமையை உன்னிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

பாட்டி ஏன் எங்களுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று நீ அடிக்கடி கேட்பாய். 1939-இல் ஒரு தடவை ஊரைவிட்டு ஓடி, திரும்பிப் போய்க் கூரை வேய்ந்து, 44-இல் மறுபடியும் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினவள். நாலு லட்சம் பேருக்கு மேல் அப்படி வந்தார்கள். வந்த இடத்தில் எங்கள் ஆர்த்தடாக்ஸ் சிலுவைக் குறியையும் பேச்சையும் பார்த்து ரஷ்யக்காரி என்றார்கள். அதனால் வீட்டுக்குள்ளே மட்டும் கரேலிய மொழி, அதுவும் தாழ்ந்த குரலில். தாத்தா கான்டெலேயைக் குடைந்தார், ஆனால் யாராவது வந்தால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவார். இதெல்லாம் நீ ஹெல்சின்கி இசைக் கல்லூரியில், சிபெலியஸ் அகாடமியில் படித்திருப்பாய். அங்கே 1983-இல் நாட்டுப்புற இசைக்கென்று தனித் துறையே வந்தது, ஹெய்க்கி லைத்தினென் தலைமையில். அதே வருஷம்தான் பக்கத்து ராக்யுலாவில் காசினென் வீட்டுப் பெண்கள் வார்த்தினா பாட்டுக் குழுவை ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் கிழவிகளின் பாட்டைக் கத்துகிறார்கள் என்று நாங்கள் சிரித்தோம். உலகமெல்லாம் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். கௌஸ்தினன் ஊர்க்காரர்கள் அதற்கும் முன்பே, 1968-இலிருந்து, வருஷா வருஷம் நாட்டுப்புற இசை விழா நடத்துகிறார்கள். 2021-இல் அவர்கள் பிடில் வாசிப்பு யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அவர்கள் வாயும் பெரிசு, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அவர்கள் வாசிப்பதை யாரும் பெஞ்சுக்கு அடியில் தள்ளவேண்டியிருக்கவில்லை.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன்? நீ காப்பாற்றவேண்டும் என்று சொல்லவில்லை. ஆவணக் காப்பகம் காப்பாற்றும், அவர்களுக்குச் சம்பளம் வருகிறது. உருளையிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். ஆனால் நிறுத்தாமல் வாசிக்க அவர்களால் முடியாது, அதற்கு ஒரு ஆள் உட்காரவேண்டும். சரி, விடு. நீ இப்போது அலுவலக வேலைக்குப் போகிறாய் என்று தம்பி சொன்னான். நல்லதுதான். மாதம் பிறந்தால் பணம் வரும். சாயந்திரம் வந்து தந்திகளைச் சுருதி சேர்க்கவாவது செய். சேர்க்காமல் விட்டால் மரம் பழக்கம் மறந்துவிடும் என்று தாத்தா சொல்வார். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதே.

போன மாதம் ஒப்பாரிப் பயிற்சிக்குப் போனேன். சிரிக்காதே. 2001-இலிருந்து ஒரு சங்கம் இதைச் சொல்லிக்கொடுக்கிறது. சனி ஞாயிறில் ஒப்பாரி கற்றுக்கொள்வதா என்று பாட்டி கேட்டிருப்பாள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் சவப்பெட்டிக்கு முன்னால் எங்களில் ஒருத்திக்கும் அழத் தெரியாமல் நின்றது எனக்கு ஆறவில்லை. அதில் ஒரு விதி உண்டு. யாரையும் பெயர் சொல்லக்கூடாது. மகள், அம்மா என்ற உறவும் வாயில் வரக்கூடாது. நான் சுமந்தவள், என்னைச் சுமந்தவள் என்று சுற்றி வளைத்துத்தான் கூப்பிடவேண்டும், அதுவும் மோனை பிசகாமல். குரல் மேலே ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கவேண்டும். பாட்டிக்கென்று ஆரம்பித்தேன், இரண்டாவது வரியிலேயே உன்னைப் பற்றிப் போய்விட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரியா என்று பதறி நிறுத்தினேன். பயிற்றுநர் பரவாயில்லை என்றார். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கும் பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கும் அழுகிற வழக்கம் அந்தக் காலத்தில் உண்டாம். அவள் எங்கேயும் போய்விடவில்லையே என்றேன், ஹெல்சின்கியில்தானே இருக்கிறாள் என்றேன்.

சுயிஸ்தமோவுக்குப் பஸ் போவது நின்றுவிட்டது. 2023 முடிவிலிருந்து நீராலாவில் ரஷ்ய எல்லை மூடிக்கிடக்கிறது. வீட்டு அஸ்திவாரத்தையும் அந்த ஆப்பிள் மரத்தையும் இனி நான் பார்ப்பேனோ என்னவோ. அங்கிருந்து எடுத்துவந்த மண்ணைக் கல்லறையில் போட்டாயிற்று, அதனால் வீட்டில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

பெரிய மாமாவின் பையன், இணையத்தில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு கான்டெலே பார்த்தானாம். பத்துத் தந்தி, ஒரே கட்டை, ஓரத்தில் கத்தி வழுக்கின வடு. அது மாதிரி நிறைய இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். வடு எல்லாவற்றிலும் இருக்கும், கையால் குடைந்ததுதானே. அவனும் சரி என்றான். ஆனால் ஒருமுறை பார்த்த விலையைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். குறைவான விலை. விற்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அல்லது அவசரமாக இருக்கும்.

மாமா வியாழக்கிழமை மத்தியானம் வருவார், கதவைத் திற. வீட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டு இருக்காதே, அவருக்குத்தான் கண் தெரியாதே. கரேலிய அப்பம் கொடுத்தனுப்புகிறேன், முட்டை வெண்ணெய் தனி டப்பாவில். அந்த அறை சின்னது, கான்டெலேக்கு இடம் இல்லை என்றால் அவரிடமே கொடுத்தனுப்பு, வடக்கு அறையில் வைத்துக்கொள்கிறேன், அங்கே சூடு வராது. எதற்கென்று கேட்க மாட்டேன். அப்பத்துக்கு அடியில் ஒரு கவர் இருக்கும். அது மாமாவுக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியவேண்டாம். டப்பாவைத் திருப்பிக் கொடு, போன தடவை கொடுத்ததும் உன்னிடம்தான் இருக்கிறது.

அம்மா