ஊருணி நத்தையும் சான் டியாகோ கம்ப்யூட்டரும்

காரைக்குடி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் ஓடு மாற்றுகிற வேலை, அப்புறம் பிராக்டிகல் பரீட்சை. வளவு முழுக்கத் தூசி. ஆயா மட்டும் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.

என் மாணவியின் நத்தை ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஊருணி ஊருணியாக நத்தை பொறுக்கி, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று மரபணுவை வைத்து மரம் வரைகிற வேலை. கேட்க எளிது. நம் நகரத்தாரின் ஒன்பது கோயிலையும் அப்படி ஒரு வம்ச மரத்தில் இணைக்கச் சொன்னால், வேர் எது என்று சொல்லாமலே 1,35,135 விதமாக இணைக்கலாம். இருபது பெயர் என்றால் 22-க்குப் பின்னால் 19 சுழியம் போட வேண்டும். எங்களிடம் இருந்ததோ 160 நத்தை, ஜென்பேங்க் என்கிற பொது மரபணுக் கிடங்கிலிருந்து எடுத்த தூரத்துச் சொந்தங்களையும் சேர்த்து.

அத்தனை மரத்தையும் எந்தக் கம்ப்யூட்டராலும் பார்த்து முடிக்க முடியாது. மிஸ்டர்பேய்ஸ் மாதிரி நிரல்கள், நல்ல மரங்கள் இருக்கிற பக்கமாகச் சுற்றி வந்து சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும். அதற்கே எங்கள் லேப் கம்ப்யூட்டர் நாலு நாள் உறுமியது. ஐந்தாம் நாள் கரண்ட் போயிற்று. விட்ட இடத்திலிருந்து தொடர வழி உண்டு என்று பிறகுதான் படித்தேன், போ.

அப்போதுதான் சிப்ரெஸ் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையம் இணையத்தில் நடத்துகிற ஏற்பாடு. டிஎன்ஏ வரிசைகளை ஏற்றி, நிரலைத் தேர்ந்து அனுப்பினால் வேலை அங்கே ஓடும், முடிந்ததும் மின்னஞ்சல் வரும். கட்டளை ஒன்றும் தட்டச்சு செய்யத் தெரிய வேண்டாம். ராத்திரி அனுப்பினோம், மறுநாள் சாயங்காலம் மரம் வந்துவிட்டது. ஊருணித் தண்ணீர் மாதிரிதான், எந்த வீட்டுக் குடமும் முங்கலாம். ஆனால் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. இந்தப் பெண் ஒரே வேலையை அமைப்பைத் தப்பாகப் போட்டு மூன்று தடவை அனுப்பினாள். ஊருணியில் கால் கழுவுகிறாயா என்று சத்தம் போட்டேன்.

வந்த மரத்தில் ஒரு கிளை மட்டும் வெகு நீளமாகத் தனியே நின்றது. புது இனம் என்று அவளுக்கு ஒரே குதி. எனக்கு உறுத்தியது. ஒரு வரிசை எந்த உயிரினத்தோடு ஒத்துப்போகிறது என்று தேடிச் சொல்கிற பிளாஸ்டில் அதைப் போடச் சொன்னேன். அது இலவசம்தான், அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ நடத்துவது. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: மனிதன்! மாதிரியில் யார் கையிலிருந்தோ கலந்திருக்கிறது. அத்தனை பெரிய கம்ப்யூட்டர், மனிதனையும் ஒரு நத்தையாகவே எண்ணி மரத்தில் ஒழுங்காக உட்கார வைத்திருக்கிறது பார். வரிசைகளைக் கண்ணால் பார்க்காமல் அனுப்பியது எங்கள் தப்பு.

அவளை நன்றாகத் திட்டினேன். யாருடைய டிஎன்ஏ என்று மட்டும் ஆராயவில்லை. அன்றைக்கு அந்த மாதிரிகள் இருந்த சோதனைக் குழாய்களைத் தொட்டவர்களில் நானும் ஒருத்தி.

சீப்புச் சீடை அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்ததா என்று எழுது.

உன்,
வள்ளி