சீட்டுக் குலுக்கி ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: மாவட்டத் தடகளப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

அண்மையில் நடந்து முடிந்த மாவட்டத் தடகளப் போட்டியில், 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 200 மீட்டர் இறுதி ஓட்டத்தின் எட்டாவது லேன் எப்படி நிரப்பப்பட்டது என்பது தங்களுக்குத் தெரியும். தங்களில் சிலர் அப்போது அந்த மேசையருகிலேயே நின்றிருந்தீர்கள். ஆகவே நேரடியாகக் கோரிக்கைக்கே வந்துவிடுகிறேன். அடுத்த ஆண்டுப் போட்டியில், 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்காவது ஃபோட்டோ ஃபினிஷ் கேமராவும் (முடிவுக்கோட்டைக் கடப்பதைப் படமெடுத்து நேரம் சொல்லும் கேமரா) மின்னணு நேரக் கணிப்பும் இருக்க வேண்டும். அதில் பதிவாகும் நேரம், மைதானத்தில் உள்ள அனைவரும் பார்க்கும்படி திரையில் வர வேண்டும்.

நான்கு ஹீட்ஸ், அதாவது இறுதிக்கு முந்தைய தகுதி ஓட்டங்கள், ஓடின. ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்தவர் நேரடியாக இறுதிக்குப் போவார், மீதி நான்கு இடங்கள் நேர அடிப்படையில் நிரப்பப்படும் என்று அறிவித்திருந்தீர்கள். முறையான ஏற்பாடுதான். கடைசி இடத்துக்கு இரண்டு மாணவியர் மிஞ்சினார்கள். ஒருவர் இரண்டாம் ஹீட்டில் ஓடியவர், என் மாணவி. மற்றவர் நான்காம் ஹீட்டில் ஓடியவர். இருவருக்கும் நேரம் 28.4 நொடி என்று எழுதப்பட்டிருந்தது. ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு செஸ்ட் நம்பரையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மடித்துத் தொப்பியொன்றில் போட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். என் மாணவியின் எண் தொப்பியிலேயே தங்கிவிட்டது. "சார், நான் அந்தப் பிள்ளையை விட மெதுவா ஓடினேனா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் மைதானத்தில் ஒருவரும் இல்லை. சொல்லக்கூடிய கருவியும் இல்லை.

சமநிலை வந்தால் சீட்டுப் போடலாம் என்று விதியிலேயே இருக்கிறது என அன்று எனக்கு விளக்கம் தரப்பட்டது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சர்வதேசத் தடகள விதி அந்தச் சீட்டை எடுத்தவுடன் நீட்டுவதில்லை. முதலில் ஃபோட்டோ ஃபினிஷ் படத்தைப் பார்த்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரத்தைப் பிரித்துப் பாருங்கள் என்கிறது. அதிலும் இருவரும் சமமாக இருந்து, கூடுதல் லேனும் இல்லாவிட்டால்தான் சீட்டு. முதல் பாதியை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் நாம் கடைப்பிடித்தோம்.

ஒரே ஹீட்டில் ஓடியவர்களைக் கண் பிரித்துவிடும். யார் முன்னால் வந்தார் என்று நடுவர் பார்த்துச் சொல்லலாம், பெரும்பாலும் சரியாகவே சொல்வார். வெவ்வேறு ஹீட்டில் ஓடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவர்களைப் பிரிக்கக் கடிகாரம் ஒன்றுதான் உண்டு. நேர அடிப்படையில் தேர்வு என்று அறிவித்த அந்த நிமிடமே, சரியான நேரத்தைத் தரும் பொறுப்பும் அமைப்பாளர்களுடையதாகிவிடுகிறது.

கையால் எடுத்த அந்த 28.4 என்ன நேரம் என்று சற்றுப் பார்ப்போம். கையால் எடுக்கும் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்கு நொடிக்கு ஏற்றி எழுத வேண்டும் என்பது விதி. ஸ்டாப் வாட்ச் 28.31 காட்டினாலும் 28.4, 28.40 காட்டினாலும் 28.4. இந்த வேகத்தில் ஓடும் ஒரு பெண் நொடிக்கு ஏழு மீட்டர் கடக்கிறாள். அப்படியானால் ஏறத்தாழ இரண்டு அடி முன்னும் பின்னுமாக வரக்கூடிய இருவரை நம் ஸ்கோர் ஷீட் சமம் என்று எழுதிவிடுகிறது. இது ஸ்டாப் வாட்சை அழுத்தியவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால் வரும் கணக்கு.

பிழையே செய்யாமல் இருக்கவும் நாம் அவரை விடுவதில்லை. முழு அளவு ஓடுதளத்தில் 200 மீட்டர் தொடங்கும் இடம், முடிவுக்கோட்டிலிருந்து குறுக்கே நேர்கோட்டில் அளந்தால் 110 மீட்டருக்கு மேல். துப்பாக்கியின் புகையையோ அதில் தெறிக்கும் ஒளியையோ பார்த்துக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல என்று விதி வலியுறுத்துவது இதனால்தான். அவ்வளவு தூரம் வந்து சேரச் சத்தத்துக்கு ஏறத்தாழ 0.3 நொடி ஆகிறது. ஓடுகிறவளுக்கு அது இரண்டு மீட்டர். நம் போட்டியிலோ ஸ்டார்ட்டர் கையில் இருந்தது மரக் கிளாப், இரண்டு பலகைகளை அறைந்து ஒலி எழுப்பும் கருவி. அதில் புகை ஏது? கிளாப் மூடுவது கண்ணில் பட்டவர் ஒரு கணத்திலும், காதில் கேட்டவர் இன்னொரு கணத்திலும் கட்டைவிரலை அழுத்தியிருப்பார்கள். முதலிடத்துக்கு மூன்று பேர் நேரம் எடுத்து நடுநேரத்தை எழுத வேண்டிய இடத்தில், இரண்டாம் இடத்துக்கு ஒரே ஒருவர், அதுவும் தன் கைபேசியில். அவரும் என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர், விடிந்ததிலிருந்து வெயிலில் நின்றவர். அவர்மீது எனக்கு எள்ளளவும் குறையில்லை. அவர் கட்டைவிரலை நம்பி ஒரு மாவட்டத்தின் இறுதிச் சுற்றை நடத்துகிறவர்கள்மீதுதான் குறை.

ஃபோட்டோ ஃபினிஷ் ஏதோ வெளிநாட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் குழுவினர் சிலரிடம் இருப்பது அன்றைய பேச்சில் தெரிந்ததால், அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவுக்கோட்டின் நீட்சியில் பொருத்தப்படும் அந்தக் கேமரா, மைதானத்தைப் பார்ப்பதே இல்லை. கோட்டின் மேல் உள்ள ஒரு மெல்லிய கீற்றை மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்து, அந்தக் கீற்றுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஒரே படமாக்குகிறது. ஆகவே அந்தப் படத்தின் அகலம் தூரத்தைக் காட்டுவதில்லை, நேரத்தைக் காட்டுகிறது. கைகால்கள் நீண்டும் வளைந்தும் விநோதமாகத் தெரிவது அதனால்தான். இயக்குபவர் கணினியில் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி ஓட்டக்காரரின் மார்பின் முன்விளிம்பில் வைத்தால் நேரம் வந்துவிடும். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் சேராது. தொடக்கச் சத்தத்தோடு இணைந்த உணரியே கடிகாரத்தைத் தொடக்கிவிடுவதால், யாருடைய விரலுக்கும் இதில் வேலை இல்லை. தகராறு வந்தால் அதே படத்தைத் திரும்பத் திறந்து, இருதரப்புப் பயிற்சியாளர்களுக்கும் காட்டலாம். காட்டுவதற்கு ஒரு படம் இருந்திருந்தால், அன்று நான் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியிருப்பேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டரில் அமெரிக்காவின் எடி டோலன், ரால்ஃப் மெட்காஃப் இருவருக்கும் கையால் இயக்கிய கடிகாரங்கள் 10.3 நொடி என்றே காட்டின. படத்தைப் பார்த்த பிறகுதான் டோலனுக்குத் தங்கம் உறுதியானது. 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் கையால் எடுத்த நேரத்தை உலக சாதனையாக ஏற்பது 1977 தொடக்கத்திலிருந்து நின்றுபோனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டரில் அமெரிக்காவின் நோவா லைல்ஸும் ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சனும் ஆளுக்கு 9.79 நொடி, ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி வித்தியாசத்தில், 9.784-க்கும் 9.789-க்கும் இடையில், தங்கம் யாருக்கு என்று படம் சொன்னது. தொப்பி தேவைப்படவில்லை.

தங்கள் தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் பி.டி. உஷாவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42, ருமேனியாவின் கிறிஸ்டினா கோஜோகாரு 55.41, நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் கைநழுவியது என்றார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். அதே 55.42-ஐ 39 ஆண்டுகள் கழித்து, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவையின் வித்யா ராம்ராஜ் அச்சாக அப்படியே ஓடி, தேசிய சாதனையைச் சமன் செய்தார். இரண்டு வரலாறும் நமக்குக் கிடைத்தது நூறில் ஒரு பங்கை அளக்கும் கருவி அங்கே இருந்ததால். நூறில் ஒரு பங்கு நொடிக்குக் கைதட்டிவிட்டு, பத்தில் ஒரு பங்கைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு போட்டியை அரை மணி நேரத்தில் தொடங்கி வைத்தோம்.

திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை ஒன்று இரண்டு நாளும் எரிந்துகொண்டிருந்தது. விருந்தினர்களின் படங்கள் வந்தன, வரவேற்பு வாசகங்கள் வந்தன, டிரோன் எடுத்த காட்சிகள் வந்தன, நன்கொடையாளர் விளம்பரங்களும் வந்தன. ஒரே ஒரு ஓட்டத்தின் நேரம் வரவில்லை. முடிவுகளைத் தெரிந்துகொள்ள, பெற்றோரும் பிள்ளைகளும் மேடைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிய கையெழுத்துத் தாளைக் கைபேசி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். முடிவு அறிவிக்கப்பட்ட 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எப்போது அறிவித்தார்கள் என்றே தெரியாதவர் எந்த 30 நிமிடத்தைக் கணக்கிடுவார்? ஃபோட்டோ ஃபினிஷ் மென்பொருளிலிருந்து நேரத்தையும் வரிசையையும் இத்தகைய திரைக்கு அனுப்ப முடியும். திரைக்கு வாடகை கொடுக்க முடிந்த குழுவால் கேமராவுக்கும் கொடுக்க முடியும் என்பது என் தாழ்மையான கணிப்பு. மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆன செலவைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

சென்னையிலும் கோவையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் மாரத்தான்களைப் பாருங்கள். உடல் இளைக்க 10 கிலோமீட்டர் ஓட வருகிறவரின் எண் அட்டையில் ஒரு சிப் ஒட்டியிருக்கிறது. சிப்பை உணரும் தரைவிரிப்பைத் தாண்டிய நேரம் பதிவாகி, அவர் வீடு போய்க் குளிப்பதற்குள் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அவருக்குப் பத்து நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் வாழ்க்கையில் எதுவும் மாறாது, நன்றாக ஓடட்டும். இங்கே இறுதிச் சுற்றில் ஓடினால்தான் பதக்கத்துக்கு வழி, பதக்கம் வந்தால்தான் மாநிலப் போட்டி, அங்கே கிடைக்கும் சான்றிதழ்தான் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கும் பின்னாளில் அரசுப் பணிக்கும் கதவு. அந்தக் கதவின் முன் நிற்கிற பிள்ளைக்குக் கைபேசி ஸ்டாப் வாட்சும் தொப்பியும்.

தேர்வானவர்களுக்கும் இதில் இழப்பு உண்டு. கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட, 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்கு 0.24 நொடி கூட்டிப் பார்ப்பது வழக்கம். மாவட்டத்தில் 28.4 என்று எழுதிக்கொண்டு போகிற பெண், மாநிலப் போட்டியில் 28.6 ஓடினால், அவள் உண்மையில் சற்று முன்னேறியிருக்கிறாள். ஆனால் அவள் பின்தங்கிவிட்டதாக அவளே நினைக்கிறாள், வீட்டிலும் நினைக்கிறார்கள். ஸ்பைக்ஸை (முள் பதித்த ஓட்டக் காலணியை) குறை சொல்வதும், பயிற்சி முறையை மாற்றுவதும், சிலர் ஓட்டத்தையே விட்டுவிடுவதும் இதிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, தாங்கள் சொல்லக்கூடியவற்றுக்கு என் பதில். இவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்க முடியாது என்றால், வாங்கச் சொல்லவில்லை. இயக்குபவரோடு சேர்த்து நாள் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, அக்கம்பக்கத்து மாவட்டங்களோடு பேசித் தேதிகளை அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் செலவைப் பகிரலாம். எல்லா ஓட்டங்களுக்கும் முடியாது என்றால், 100, 200, 400 மீட்டர், தடை ஓட்டம், தொடர் ஓட்டம் போதும். 1500-க்கும் 3000-க்கும் இப்போதைக்கு நாங்களே கடிகாரம் பிடிக்கிறோம். கேமராப் படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்றால், உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வையுங்கள், விடுமுறை நாளாக இருந்தாலும் வருவோம். "மாவட்டப் போட்டிதானே சார், விடுங்க" என்று அன்று ஒருவர் சொன்னார். அந்தப் பதிலை மட்டும் ஏற்க இயலவில்லை. மாநில, தேசியப் போட்டிகளில் கேமராவின் முன் யார் ஓடுவது என்பதைத் தீர்மானிப்பது இந்த மாவட்டப் போட்டிதான்.

கேமரா வரும்வரை, புகை தெரியும் தொடக்கத் துப்பாக்கியும், ஒரே வகை ஸ்டாப் வாட்சுகளும், ஒவ்வொரு தகுதி இடத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நேரக் கணிப்பாளர்களும் வேண்டும். ஆனால் இவற்றைக் கொடுத்துவிட்டுக் கேமராவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கை கேமராவும், நேரத்தைக் காட்டும் திரையும்தான்.

என் மாணவியை இறுதிச் சுற்றில் சேர்க்கக் கேட்டு இம்மடலை எழுதவில்லை. அந்த ஓட்டம் முடிந்துவிட்டது, வென்றவர்கள் நேர்மையாக ஓடி வென்றார்கள், அவர்களுக்கு என் வாழ்த்துகள். எழுத்தில் சற்றுக் கடுமை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுப் போட்டிக்கான செலவுத் திட்டம் குழுவின் முன் வைக்கப்படும்போது, நேரக் கணிப்புக் கேமராவின் வாடகையை அதில் ஒரு தனி இனமாகச் சேர்க்குமாறும், சேர்க்க இயலாதெனில் அதன் காரணத்தைப் பங்கேற்கும் பள்ளிகள் அனைத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் போட்டிக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துவரும்
அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்